ஐ.ஈ.பி. தாளில் கையெழுத்து வைக்கும் முன்: கொழும்புப் பெற்றோருக்குச் சில குறிப்புகள்

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருந்து பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் அம்மா அப்பாமாரே, ஓட்டிசம், ஏ.டி.எச்.டி., டிஸ்லெக்சியா என்று ஏதோ ஒரு பெயர் கிளினிக் கொப்பியில் எழுதப்பட்ட பிறகு கைக்கு வருவது தனியாள் கல்வித் திட்டம். எல்லோரும் ஐ.ஈ.பி. என்றுதான் சொல்வோம். இந்தத் தவணையில் பிள்ளைக்கு என்ன படிப்பிப்பது, எப்படிப் படிப்பிப்பது, யார் படிப்பிப்பது என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தத் தாள் ரீச்சருக்கு எவ்வளவு சொந்தமோ உங்களுக்கும் அவ்வளவு சொந்தம். விளங்காமல் கையெழுத்து வைத்துவிட்டு வராமல் இருக்க, கைச்செலவும் அலைச்சலும் குறைய, அனுபவத்தில் உதவிய சில வழிகளைக் கீழே தந்திருக்கிறேன்.

1. முதல் வேலையாக ஒரு நல்ல பைல் வாங்குங்கள். புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கம் போனால் கையைக் கடிக்காது. கிளினிக் கடிதம், பேச்சுச் சிகிச்சை அறிக்கை, தவணை அறிக்கை எல்லாவற்றையும் புதியது மேலே வரும்படி திகதி வரிசையில் கோர்த்து வையுங்கள். பாடசாலைக்குப் போட்டோக் கொப்பி மட்டும் போகட்டும், மூலப் பிரதி வீட்டிலேயே இருக்கட்டும்.

2. பிள்ளை பிறந்தபோது மிட்வைஃப் மிஸ் தந்த சுகாதாரப் பதிவேட்டை அலுமாரியின் அடியிலிருந்து வெளியே எடுங்கள். எப்போது குப்புற விழுந்தது, எப்போது நடந்தது, முதல் சொல் எப்போது வந்தது என்று எந்த டொக்டரும் முதலில் கேட்பது அதைத்தான். அந்தப் பக்கங்களைப் போனில் படம் எடுத்து வைத்தால் ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசிக்க வேண்டியதில்லை.

3. பிள்ளையைப் பற்றி நீங்களே ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எது பிடிக்கும், எதற்குப் பயம், குழம்பினால் எப்படி அடங்கும், எதைச் செய்தால் இன்னும் குழம்பும் என்ற நான்கு விஷயம் போதும். கையெழுத்திலேயே எழுதலாம்; ஜனவரியில் புது வகுப்பு, புது ரீச்சர் என்றால் அதே பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து நீட்டினால் சரி.

4. வீட்டில் பிள்ளை செய்வதை ஒரு நிமிட வீடியோவாக எடுத்து வையுங்கள். பாடசாலையில் வாயே திறக்காத பிள்ளை வீட்டில் அம்மம்மாவோடு கதைப்பதை ரீச்சர் கண்ணால் பார்த்தால், திட்டம் எழுதும் கை தானாக மாறும். கிளினிக்கில் அன்றைக்குப் பார்த்து அமைதியாக இருக்கும் பிள்ளைக்கும் இதே வழிதான்.

5. திட்டத்தைக் கையில் வாங்கியதும் கலர்ப் பென்சில் எடுங்கள். பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததைப் பச்சையாலும், உங்களுக்கு விளங்காத சொல்லைச் சிவப்பாலும் கோடிடுங்கள். சிவப்புக் கோடுகள்தான் கூட்டத்தில் நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள். வேறு பட்டியல் போடத் தேவையில்லை.

6. எல்லாவற்றிலும் பெறுமதியான பகுதி ‘தற்போதைய நிலை’ என்று எழுதியிருக்கும் பகுதி. பலர் அதைத் தாண்டி இலக்குகளுக்கு ஓடிவிடுகிறோம். பிள்ளை இப்போது எங்கே நிற்கிறது என்பது பிழையாக எழுதப்பட்டால், அதன்மேல் கட்டும் எல்லாமே பிழைத்துவிடும். ‘எழுத்துத் தெரியாது’ என்று இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எத்தனை எழுத்துத் தெரியும், எவை தெரியும், பார்த்து எழுதுமா, சொல்லி எழுதுமா என்று கேட்டு, அதை அப்படியே அந்த இடத்தில் எழுதச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் காண்பது வேறு என்றால் அதையும் பக்கத்தில் சேர்க்கச் சொல்லலாம். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும்.

7. திட்டம் முழுக்க ‘முடியாது’, ‘தெரியாது’, ‘இருக்கமாட்டான்’ என்று இருந்தால், பிள்ளைக்கு முடிந்தவற்றை முதலில் எழுதும்படி அன்பாகக் கேளுங்கள். காலி வீதியில் போகும் 100, 101 பஸ் நம்பர்களையெல்லாம் சொல்லும் பிள்ளைக்குக் கணக்கை அந்த நம்பர்களிலிருந்தே தொடங்கலாம். பிடித்ததைப் பிடித்துக்கொண்டு போனால் ரீச்சருக்கும் பாதி வேலை மிச்சம்.

8. ‘நன்றாக வாசிப்பான்’, ‘ஒழுங்காக நடந்துகொள்வாள்’ என்பவை ஆசைகள். அவற்றை இலக்காக ஏற்காதீர்கள். ‘ஒற்றைக் கொம்பு வரும் இரண்டெழுத்துச் சொற்கள் பத்தில் எட்டை, யாரும் உதவாமல், தவணை முடிவதற்குள் வாசிப்பான்’ என்பதுதான் இலக்கு. தவணை முடிய நீங்களே வீட்டில் பத்துச் சொல்லைத் துண்டுக் காகிதத்தில் எழுதி வாசிக்கக் கொடுத்துப் பார்க்கலாம். நிறைவேறியதா இல்லையா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

9. ஒரு தவணைக்கு மூன்று நான்கு இலக்கு தாராளம். பன்னிரண்டு இலக்கோடு ஒரு திட்டம் வந்தால், அதில் எந்த மூன்று நிறைவேறினால் வீட்டில் நிம்மதி என்று யோசித்து அவற்றை மேலே போடச் சொல்லுங்கள்.

10. அந்த மூன்றில் ஒன்றாவது வாழ்க்கைக்குரியதாக இருக்கட்டும். கன்ரீனில் காசு கொடுத்து ஒன்று வாங்குவது, கழிவறைக்குப் போகவேண்டும் என்று கேட்பது, தன் பெயரும் அம்மாவின் போன் நம்பரும் சொல்வது ஆகியவற்றுக்கும் பாடசாலைத் திட்டத்தில் இடமுண்டு. பெருக்கல் வாய்ப்பாட்டுக்கு முன்னால் நான் இவற்றைத்தான் கேட்பேன்.

11. ஒவ்வொரு இலக்குக்குப் பக்கத்திலும் யார், எங்கே, கிழமைக்கு எத்தனை தரம், எந்தத் திகதிக்குள் என்ற நான்கும் இருக்கிறதா என்று பாருங்கள். யார் என்ற இடம் வெறுமையாக இருந்தால் அந்த வேலையை யாரும் செய்யப்போவதில்லை.

12. ‘உதவியுடன் செய்வான்’ என்று இருந்தால் என்ன உதவி என்று கேளுங்கள். கையைப் பிடித்துச் செய்விப்பது, விரலால் காட்டுவது, வாயால் சொல்வது மூன்றும் மூன்று படி. முதல் தவணையில் கையைப் பிடித்தது அடுத்த தவணையில் விரல் காட்டுவதாகக் குறைந்தாலே அது முன்னேற்றம்தான். அதைத் திட்டத்தில் எழுதி வைத்தால்தான் கண்ணுக்குத் தெரியும்.

13. காசு செலவாகாத சலுகைகளை முதலில் கேளுங்கள். முன் வாங்கில் இடம், வேலைக்குச் சற்றுக் கூடுதல் நேரம், நீண்ட கட்டளையை இரண்டாக உடைத்துச் சொல்வது, பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து கணக்கு ஆகியவற்றுக்கு எந்த அதிபரும் பணம் தேட வேண்டியதில்லை. இவற்றைத் தர ஒப்புக்கொண்ட பாடசாலையிடம் பெரியவற்றைக் கேட்பதும் இலேசு.

14. கரும்பலகையைப் பார்த்து எழுதுவது பல பிள்ளைகளுக்குப் பெருந்தண்டனை. அன்றைய பாடத்தை ரீச்சர் போனில் படமெடுத்து அனுப்பலாம், அல்லது அழகாக எழுதும் ஒரு சிநேகிதப் பிள்ளையின் கொப்பியைப் போட்டோக் கொப்பி எடுக்கலாம். எழுதாததற்காக இடைவேளையை வெட்டக்கூடாது என்பதையும் ஒரு வரியில் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள்.

15. எங்கள் பக்கத்துச் சத்தங்களையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தையில் கடற்கரை ஓரமாக ரயில் போகும்போது சில பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடும். கொட்டாஞ்சேனையில் கோவில் மணியும் வெடியும். ஜன்னலோரம் வேண்டாம், மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். ஆடிவேல், அந்தோனியார் திருநாள் நாட்களில் முதல்நாளே பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

16. இடைவேளையைத் திட்டத்தில் மறந்துவிடாதீர்கள். வகுப்பில் சமாளிக்கும் பிள்ளை மைதானத்தில் தனியே சுவரோரம் நிற்பதுண்டு. விளையாட ஒரு சிநேகிதர், ஒதுங்கி இருக்க ஓர் அமைதியான மூலை, இரண்டில் எது தேவை என்று பிள்ளையிடமே கேட்டு எழுதுங்கள்.

17. பிள்ளை அடித்தது, கத்தியது, ஓடியது என்று முறைப்பாடு வந்தால் மூன்று கோடு கீறிய தாள் ஒன்றை ரீச்சரிடம் கொடுங்கள்: அதற்கு முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, பிறகு என்ன நடந்தது. இரண்டு கிழமை எழுதினால் போதும், எப்போதும் கணக்குப் பாடத்துக்கு முன், எப்போதும் பசி நேரம் என்று காரணம் தானே வெளியே வரும். அந்தக் காரணத்துக்குத்தான் திட்டத்தில் வழி வேண்டும்.

18. பாடசாலையில் பிள்ளைகளை அடிக்கக்கூடாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. சண்டை பிடிக்க அதைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அடிக்குப் பதிலாக என்ன செய்வது என்பதைத் திட்டத்தில் எழுதி வாங்குங்கள்: வெளியே ஒரு சுற்று நடத்திக் கூட்டிவருவது, தண்ணீர் குடிக்க விடுவது, ஐந்து நிமிடம் தனியே இருக்க விடுவது.

19. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே போனதும் பாதி மறந்துவிடும். பாடசாலைக்குக் கொடுக்க ஒரு கடிதம் வேண்டும் என்று அன்றைக்கே கேட்டால் இன்னொரு நாள் லீவு மிச்சம். நோயின் பெயரோடு நிற்காமல், வகுப்பில் என்ன ஏற்பாடு தேவை என்பதையும் எழுதித் தரும்படி கேளுங்கள். அதிபருக்கு வேண்டியது அதுதான்.

20. ராகமவில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் அயதி நிலையம் இருக்கிறது. பல துறையினரும் ஒரே கூரையின் கீழ் பிள்ளையைப் பார்க்கும் இடம். முதலில் போனில் கேட்டு நேரம் எடுத்துக்கொண்டு போங்கள். வெள்ளவத்தையிலிருந்து கரையோர ரயிலில் கோட்டைக்குப் போய் அங்கிருந்து ராகமவுக்கு ரயில் பிடித்தால், த்ரீவீல் காசில் கொஞ்சமே செலவாகும்.

21. ஐ.ஈ.பி. தாளைக் கிளினிக்குக்கும், கிளினிக் தாளைப் பாடசாலைக்கும் கொண்டுபோங்கள். சிகிச்சையாளர் ‘தண்ணி தா’ என்று கேட்கப் பழக்க, பாடசாலையில் அதே நேரம் நிறங்களின் பெயர் படிப்பிக்க, பிள்ளை இரண்டுக்கும் நடுவில் நிற்கும். இரண்டு இடத்திலும் ஒரே இலக்கு என்றால் செலவழிக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் இரட்டிப்பாகும்.

22. வீட்டு மொழியை விட்டுவிடாதீர்கள். ‘இனி இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ, பிள்ளை குழம்பும்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கொழும்பில் எத்தனையோ வீடுகளில் இந்த ஒரு சொல்லால் அம்மம்மாவும் பேரப்பிள்ளையும் கதைக்க மொழியில்லாமல் நிற்கிறார்கள். இரண்டு மொழி கேட்பது ஓட்டிசப் பிள்ளையின் பேச்சைப் பின்தள்ளுவதில்லை என்பதுதான் ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது. தாலாட்டும் ஏச்சும் கொஞ்சலும் எந்த மொழியில் உங்களுக்கு இயல்பாக வருகிறதோ அந்த மொழியில்தான் பிள்ளைக்கும் பேச்சு வரும். வீட்டில் தமிழ், பாடசாலையில் இன்ன மொழி என்று திட்டத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

23. தமிழ் தெரிந்த பேச்சுச் சிகிச்சையாளர் உடனே கிடைக்காவிட்டால், சிங்களத்தில் நடக்கும் அமர்வுக்குள் நீங்களும் இருக்க அனுமதி கேளுங்கள். அவர் செய்யும் விளையாட்டை அப்படியே பார்த்து வந்து வீட்டில் தமிழ்ச் சொற்களோடு செய்யலாம். பிள்ளைக்குத் தெரிந்த ஐம்பது தமிழ்ச் சொற்களை எழுதி அவர் கையில் கொடுத்தால் அவருக்கும் பேருதவி.

24. அறிக்கை சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வந்தால் வெட்கப்படாமல் தமிழில் வாயால் விளக்கச் சொல்லுங்கள். அரச அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பு நமக்கு உரிமை தந்திருக்கிறது. கொழும்பிலும் அது செல்லும். கடிதத்தின் ஒரு பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று திகதியோடு சீல் வாங்கிப் பைலில் போடுங்கள்.

25. பாடசாலையில் இடமில்லை என்று சொன்னால் சட்டம் தெரிந்திருப்பது நல்லது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்தோர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனத்தில் அனுமதி மறுக்கக்கூடாது என்கிறது. ஒவ்வொருவருக்கும் தேவையான தனிப்பட்ட ஆதரவைக் கல்வியில் கொடுக்கவேண்டும் என்று சொல்லும், இயலாமையுள்ளோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை 2016 இல் ஏற்று உறுதி செய்திருக்கிறது. கடிதம் எழுதும்போது இந்த இரண்டையும் ஒவ்வொரு வரியில் குறிப்பிட்டால் போதும், குரலை உயர்த்த வேண்டியதில்லை.

26. கனடாவிலிருந்து மச்சாள் போன் எடுத்து ‘இங்க எல்லாம் சட்டப்படி தருவினம்’ என்றால் மனம் தளராதீர்கள். இந்தத் திட்ட முறை பரவியதே 1975 இல் அமெரிக்கா கொண்டுவந்த சட்டத்தோடுதான். ஒன்ராறியோவில் பிள்ளையை விசேட கல்வியில் சேர்த்து 30 பாடசாலை நாட்களுக்குள் திட்டம் தயாராக வேண்டும் என்று விதியே உண்டு. நமது 1996 சட்டத்தில் அப்படி ஒரு கால எல்லை இல்லை, ஆகவே திகதியை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மச்சாளிடம் அவர்களுடைய வெற்றுப் படிவம் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நம் திட்டத்தில் என்ன விடுபட்டது என்று பார்க்க அது நல்ல அளவுகோல்.

27. அரசாங்கப் பாடசாலையில் பிரச்சினை என்றால் படியேறிப் போங்கள்: வகுப்பாசிரியர், பகுதித் தலைவர், அதிபர், பிறகு கொழும்பு வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பானவர். தேசிய பாடசாலை என்றால் பத்தரமுல்லை இசுருபாயவில் உள்ள கல்வி அமைச்சு வரை போகலாம். படியைத் தாண்டி நேரே மேலே போனால் கடிதம் திரும்பக் கீழேதான் வரும், அதற்குள் ஒரு தவணை போய்விடும்.

28. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதியப்பட்டவை; வலயக் கல்வி அலுவலகத்தில் அவற்றைப் பற்றி முறையிட்டுப் பெரிதாகப் பயனில்லை. ஆகவே அனுமதிக் கட்டணம் கட்டும் முன்பே எல்லாவற்றையும் எழுத்தில் கேளுங்கள்: திட்டம் யார் எழுதுவார், ஆதரவு வகுப்புக்குத் தனிக் கட்டணமா, தனித் துணை ஆசிரியருக்கு யார் சம்பளம் கொடுப்பது. கட்டிய காசைத் திரும்ப வாங்குவது எவ்வளவு கரைச்சல் என்று கேட்டுப் பாருங்கள், சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள்.

29. பிள்ளை விசேட கல்வி அலகில் இருந்தால், கிழமைக்கு எத்தனை பாடவேளை சாதாரண வகுப்பில் இருக்கும் என்று கேளுங்கள். சித்திரம், சங்கீதம், உடற்பயிற்சி என்று தொடங்கி ஒவ்வொரு தவணையும் ஒன்றைக் கூட்டலாம். அந்த எண்ணிக்கை திட்டத்தில் இல்லாவிட்டால் பிள்ளை அதே அறையிலேயே வருடக்கணக்கில் இருந்துவிடும்; இது எனக்கு மிகவும் மனம் பொறுக்காத விஷயம்.

30. வகுப்பில் பக்கத்தில் இருக்கத் துணை ஆசிரியர் ஒருவரை நீங்கள் சம்பளம் கொடுத்து வைத்தால், அவர் எப்போது மெல்ல மெல்ல விலகுவார் என்பதும் திட்டத்தில் வேண்டும். முதலில் பக்கத்துக் கதிரை, பிறகு வகுப்பின் பின்னால், பிறகு சில பாடங்களுக்கு மட்டும். பிள்ளைக்காக அவரே எழுதி, அவரே பதில் சொன்னால் படிப்பது அவர்தான்.

31. கூட்டத்துக்கு ஒருவர் தனியே போகாதீர்கள். அம்மாவும் அப்பாவும் போங்கள்; அப்பா வெளிநாட்டில் என்றால் சித்தியோ மாமாவோ வரட்டும். ஒருவர் கதைக்க மற்றவர் சீ.ஆர். கொப்பியில் எழுதட்டும். எழுந்து வரும் முன் அடுத்த கூட்டத்தின் திகதியைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

32. ‘இதில ஒரு சைன் வையுங்கோ’ என்றால், ‘நாளைக்குத் தாறன் ரீச்சர், வீட்டில ஒருக்கா வாசிச்சுப் பார்க்கிறம்’ என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு வாங்கி வாருங்கள். உடன்பாடில்லாத இலக்குக்கு நேரே உங்கள் கருத்தை ஒரு வரியில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்தும் திகதியும் போடலாம். கொடுக்கும் முன் போனில் படம் எடுக்க மறக்க வேண்டாம்.

33. கூட்டம் முடிந்த அன்று மாலையே ரீச்சருக்கு நன்றி சொல்லி ஒரு வட்சப் அனுப்புங்கள். அதிலேயே ஒப்புக்கொண்ட விஷயங்களை இரண்டு மூன்று வரியில் எழுதிவிடுங்கள். பிறகு ‘அப்பிடிச் சொல்லேல்லையே’ என்ற பேச்சுக்கு இடமிராது. ஆனால் திட்டத்தையோ அறிக்கையையோ வகுப்புப் பெற்றோர் குழுவில் போட்டுவிடாதீர்கள், பிள்ளையின் விஷயம் ஊர் முழுக்கப் போய்விடும்.

34. நாற்பது பிள்ளைகளோடு நிற்கும் ரீச்சரிடம் தினமும் விரிவான குறிப்புக் கேட்க முடியாது. ஒரு சின்னக் கொப்பியில் மூன்று கட்டம் கீறி அனுப்புங்கள்: சாப்பிட்டதா, வேலை செய்ததா, குழம்பியதா. அவர் சரி போட்டால் போதும். வருட முடிவில் அந்தக் கொப்பிதான் உங்கள் பெரிய சாட்சி.

35. ரியூசனைக் குறையுங்கள். காலை 7.30 இலிருந்து மதியம் 1.30 வரை சத்தத்தோடும் கூட்டத்தோடும் மல்லுக்கட்டிய பிள்ளையைப் பின்னேரம் இன்னொரு கதிரையில் இருத்தினால், அடுத்த நாள் பாடசாலையும் கெட்டுவிடும். விட முடியாத ஒரு பாடம் இருந்தால் அந்த மாஸ்டருக்கும் திட்டத்தின் ஒரு பிரதி கொடுங்கள். மிச்சமாகும் காசு சிகிச்சைக்கு உதவும்.

36. வீட்டுப் பயிற்சிக்குத் தனி நேரம் ஒதுக்க முடியாதா, குசினிக்குள் கூட்டிவாருங்கள். பென்சில் பிடிக்கக் கஷ்டப்படும் விரலுக்கு உள்ளி உரிப்பது, பயற்றங்காய் முறிப்பது, இடியப்ப மாவு குழைப்பது எல்லாம் அருமையான பயிற்சி. ‘மூன்று வெங்காயம் எடு, இரண்டை அம்மம்மாவிடம் குடு’ என்றால் கணக்கும் ஆயிற்று, கட்டளை கேட்பதும் ஆயிற்று. சமையலும் பாதி முடிந்திருக்கும்.

37. வாசிக்கும்போது வரி தவறும் பிள்ளைக்குத் தேயிலைப் பெட்டி மட்டையில் ஒரு வரி அகலத்துக்கு நீள ஜன்னல் வெட்டுங்கள். புத்தகத்தின்மேல் வைத்து நகர்த்தினால் ஒரு வரி மட்டும் தெரியும். ஒரே நேரத்தில் ண, ன, ந மூன்றையும் படிப்பிக்காதீர்கள். ஒன்று நன்றாகப் படிந்த பிறகு மற்றது.

38. கதிரையில் ஆடிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்குப் பழைய சைக்கிள் ரியூப்பைக் கதிரையின் முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே இறுக்கிக் கட்டிவிடுங்கள். காலால் அதை அழுத்தி இழுத்துக்கொண்டிருந்தால் உடம்பு ஓரளவு ஒரு இடத்தில் இருக்கும். வகுப்பிலும் கட்ட அனுமதி கேட்டுத் திட்டத்தில் எழுதுங்கள். சைக்கிள் கடையில் சும்மாவே தருவார்கள்.

39. அன்றைய நாளின் ஒழுங்கைப் படமாகக் காட்ட விலையுயர்ந்த அட்டைகள் வேண்டாம். பழைய கலண்டர் மட்டையில் பல் துலக்குவது, சீருடை, பஸ், வகுப்பு, வீடு என்று படம் கீறி அகலமான செலோரேப் ஒட்டினால் லமினேற்றிங் காசும் மிச்சம். முடிந்த வேலையின் படத்தைப் பிள்ளையே கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போடட்டும், அந்தச் சத்தம் பல பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

40. வெள்ளைச் சீருடைக்குக் கஞ்சி போடாதீர்கள், கழுத்து லேபிளை ஒட்ட வெட்டிவிடுங்கள். உடுப்பு உறுத்துவதால் வகுப்பில் நெளியும் பிள்ளைக்கு ‘கவனமில்லை’ என்று பெயர் வாங்கிக் கொடுக்க வேண்டாம். சப்பாத்து நாடா கட்டுவது இன்னும் வரவில்லை என்றால், பாடசாலையிடம் சொல்லிவிட்டு ஒட்டும் பட்டி வைத்த சப்பாத்து வாங்கலாம்.

41. சாதாரண தரப் பரீட்சைக்கு மேலதிக நேரம், எழுத உதவியாளர், பெரிய எழுத்து வினாத்தாள் போன்ற ஏற்பாடுகளை அதிபர் வழியாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் முற்கூட்டியே கேட்கவேண்டும், மருத்துவ அறிக்கையும் வேண்டும். கடைசி வருடம் ஓடித்திரியாமல் 9 ஆம் தரத்திலேயே தொடங்குங்கள். தவணைப் பரீட்சைகளிலும் அதே ஏற்பாடு இருந்ததென்று திட்டங்களில் எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலுக்கும்.

42. உதவிப்பணம், அடையாள அட்டை போன்ற விஷயங்களை வெள்ளவத்தைக்காரர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்திலும், கொட்டாஞ்சேனைக்காரர் கொழும்பு பிரதேச செயலகத்திலும் கேட்கலாம். முதலில் உங்கள் கிராம சேவகரிடம் என்னென்ன கடிதம் வேண்டுமென்று கேட்டுக்கொண்டு போனால் இரண்டாம் தரம் அலையத் தேவையில்லை.

43. தனியே நின்று மாயாதீர்கள். 2009 இல் வெளிவந்த இலங்கை ஆய்வொன்றில், 18 முதல் 24 மாதம் வரையான பிள்ளைகளில் 93 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஓட்டிசம் காணப்பட்டது. அப்படியென்றால் உங்கள் வீதியிலேயே இப்படி இன்னொரு வீடு இருக்கக்கூடும். கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுங்கள். அவர் கையில் இருக்கும் திட்டத்தைப் பார்த்தால் உங்களுடையதில் என்ன கேட்கலாம் என்று தெரியவரும்.

44. பத்து வயது தாண்டிய பிள்ளையைக் கூட்டத்தில் பத்து நிமிடமாவது இருத்துங்கள். ‘வகுப்பில எது கஷ்டம்? எது விருப்பம்?’ என்று கேட்டு, அது சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதுங்கள். பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுக் காட்டலாம், ஆம் இல்லை என்று தலையாட்டலாம்.

45. ஓர் இலக்கு இரண்டு தவணையாக அப்படியே கிடந்தால் மூன்றாம் தவணையும் அதையே எழுதவிடாதீர்கள். படிப்பிக்கும் முறையை மாற்றலாம், இலக்கை இரண்டாக உடைக்கலாம், நேரத்தை மாற்றலாம். ‘பிள்ளைக்கு ஏலாது’ என்று முடிவெடுப்பதற்கு முன் இந்த மூன்றையும் செய்து பார்த்தார்களா என்று கேளுங்கள்.

46. டிசம்பரில் பழைய ரீச்சரையும் புது ரீச்சரையும் ஒரு கால் மணித்தியாலம் சேர்த்துச் சந்திக்க வையுங்கள். இது அதிபரிடம் வாயால் கேட்டாலே கிடைக்கும். புது வகுப்பறையைப் பிள்ளைக்கு முதலே கூட்டிப்போய்க் காட்டி, இருக்கப்போகும் வாங்கில் ஒருக்கா இருத்தி, கழிவறை எங்கே என்றும் காட்டிவிட்டு வாருங்கள். போகும்போது பைலில் மேலே இருக்கும் திட்டத்தின் பிரதி ஒன்றைப் புது ரீச்சரின் கையில் கொடுங்கள்.